காவிரி அறிந்த பிள்ளைகளுக்குப் பேரா ஆறு தெரியுமா?



தமிழ்ப்பள்ளி மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்துகின்ற ஆசிரியர் அனைவரும் அறிந்த தலைப்பு ஒன்று உண்டு. ‘நான் ஓர் ஆறு’ என்பது அது. அந்த ஆறு மலையுச்சியில் பிறக்கும், அருவியாய்க் குதிக்கும், வயல்களுக்கு வளம் சேர்க்கும், இறுதியில் மாசுபட்டு மனம் வருந்தும், கடலன்னையின் மடியில் கலக்கும். முப்பது மாணவர் எழுதினால் முப்பது கட்டுரையிலும் இதே ஆறுதான் ஓடும். ஆனால், அந்த ஆற்றுக்குப் பெயர் இராது. எந்த மலையில் பிறந்தது, எந்த ஊரைக் கடந்தது, எந்தக் கடலில் கலந்தது என்று ஒரு சொல்லும் இராது.

பெயர் சொல்லும்படி கேட்டால் காவிரி என்பார்கள். கங்கை, வைகை என்பார்கள். மகிழ்ச்சிதான். இலக்கியமும் சமயமும் திரைப்பாடல்களும் அவர்களுக்கு அந்தப் பெயர்களைக் கொடுத்துள்ளன. ஆயர் தாவாரிலிருந்து ஈப்போவுக்குப் பேருந்தில் போகும்போது போத்தாவில் கடக்கின்ற பெரிய பாலத்தின் கீழ் ஓடும் ஆற்றின் பெயர் என்ன என்று என் வகுப்பில் ஒருமுறை கேட்டேன். நான்கு பேர் கையுயர்த்தினர். அவர்களுள் இருவர் “கிந்தா ஆறு” என்றனர். மற்ற இருவரும் சரியாகச் சொன்னார்கள். அந்த ஆறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டபோது வகுப்பில் அமைதி நிலவியது.

இது மாணவரின் குறையன்று. நாம் அவர்களுக்கு அந்த ஆற்றைத் தமிழில் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைப் பற்றிய என் கருத்தையே இங்குப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஆற்றின் வழியே ஒரு பயணம்

பேரா ஆறு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நீளமுடையது. காவிரியின் நீளத்தில் இது பாதியளவு. தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நிலையில் இரண்டாவது நீண்ட ஆறு இதுவே. பேரா மாநிலப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு நிலத்தின் மழைநீர் இந்த ஆற்றில்தான் வந்து சேருகிறது.

பெயரைப் பற்றி ஒரு சொல். ‘பேராறு’ என்பதே ‘பேரா’ ஆயிற்று என்று சிலர் கூறுவதுண்டு. கேட்க இனிமையாக உள்ளது, ஆனால், சான்றில்லை. மலாய்மொழியில் ‘பேராக்’ என்றால் வெள்ளி. நமக்குரிய பெருமையைத் தேட இல்லாத வேர்ச்சொல் தேவையில்லை.

தாய்லாந்து எல்லையை ஒட்டிய பெலும் காட்டு மலைகளில் இவ்வாறு பிறக்கிறது. தெமியார், ஜாஹாய் ஆகிய பழங்குடி மக்கள் வாழும் நிலம் அது. அங்கிருந்து இறங்கும் நீரைத் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என நான்கு அணைகள் அடுத்தடுத்துத் தடுத்து நிறுத்தி மின்சாரம் ஆக்குகின்றன. இவற்றுள் கீழே உள்ள செண்டெரோவே மூத்தது. 1930ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கியது. காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது 1934இல். ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு ஆறுகளும் அணைக்குள் அகப்பட்டன என்று சொன்னால் மாணவர் வியப்படைகின்றனர். மேலே உள்ள தெமெங்கோர் நீர்த்தேக்கம் 1970களில் உருவானது. ஏறக்குறைய 15,000 எக்டர் பரப்பு நீரில் மூழ்கியது. பழங்குடிக் குடியிருப்புகள் இடம்பெயர்ந்தன. நம் வீட்டு விளக்கு எரிவதற்குப் பின்னே இப்படியும் ஒரு கதை உண்டு.

அடுத்து லெங்கோங் பள்ளத்தாக்கு. 1991ஆம் ஆண்டு இங்குள்ள குகையொன்றில் ‘பேரா மனிதன்’ எனப்படும் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பது ஆய்வாளர் கணிப்பு. 2012இல் லெங்கோங் உலக மரபுரிமைத் தளங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

பிறகு அரசநகர் கோலாகங்சார். ‘கோலா’ என்பது ஓர் ஆறு மற்றோர் ஆற்றிலோ கடலிலோ சேரும் இடம். நம் மொழியில் கூடல், கூடுதுறை, கழிமுகம் என்போம். கங்சார் ஆறு பேரா ஆற்றுடன் கூடுமிடம் கோலாகங்சார். இங்கேதான் 1877ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த இரப்பர் கன்றுகளுள் சிலவற்றை ஆங்கில ஆட்சியாளர் இயூ லோ நட்டார். அவற்றுள் ஒரு மரம் இன்றும் வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. சுற்றுலா வருவோர் அதன்முன் நின்று படம் எடுத்துக் கொள்கின்றனர். தமிழ்ப்பிள்ளை ஒருவன் அங்கே நின்றால் அவனுக்குச் சொல்ல வேண்டிய செய்தி வேறு. “தம்பி, உன் கொள்ளுத்தாத்தா கப்பலேறி இந்நாட்டிற்கு வந்ததற்கு இத்தகைய மரங்களே காரணம்” என்று சொல்ல வேண்டும்.

காராய் அருகே, 1900ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா இருப்புப்பாதைப் பாலம் ஆற்றின்மேல் செங்கல் தூண்களுடன் நிற்கிறது. அதைத் தாண்டிப் பாரிட், பிறகு போத்தா. போத்தா ஊர் ஆற்றின் இரு கரைகளிலும் இருக்கிறது. ஒன்று போத்தா கானான், மற்றது போத்தா கிரி. அதாவது வலப்போத்தா, இடப்போத்தா. யாருடைய வலம்? யாருடைய இடம்? கடலிலிருந்து படகேறி மேலே வந்தவருடையதா, மலையிலிருந்து மிதந்து இறங்கியவருடையதா? பாலத்தில் நின்று பார்த்து மாணவரே விடை காணட்டும். ஊர்ப்பெயரில் இவ்வளவு அழகான புவியியல் வினா கிடைப்பது அரிது. ‘துந்தோங்’ எனப்படும் ஆற்றாமைகளைக் காக்கும் நடுவமும் போத்தா கானானில் உள்ளது. மணற்கரையில் முட்டையிடும் இனம் அது. மணற்கரை அழிந்தால் ஆமையும் அழியும்.

அதன்பின் பாசீர் சாலாக். பேராவின் முதல் ஆங்கில ஆட்சியாளர் பெர்ச் 1875 நவம்பர் 2ஆம் நாள் இங்கே ஆற்றங்கரையில் கொல்லப்பட்டார். அதற்குமுன் நெடுங்காலம் இலங்கையில் பணிபுரிந்தவர் அவர். சற்றுக் கீழே ஈப்போ, பத்து காஜா வழியாக ஈயவயல் மண்ணைச் சுமந்துவந்த கிந்தா ஆறு பேரா ஆற்றுடன் சேருகிறது. பிறகு 1982 வரை தெலுக் ஆன்சன் எனப்பட்ட தெலுக் இந்தான். 1885இல் எழுந்த சாய்ந்த கோபுரம் அங்கே உள்ளது. அது மணிக்கூண்டு மட்டுமன்று. ஊருக்குக் குடிநீர் தேக்கி வைத்த தொட்டியும் ஆகும். ஆற்றோரத்தின் இளகிய மண் பாரம் தாங்காததால் சாய்ந்தது. இறுதியில் தென்னந்தோப்புகள் சூழ்ந்த பாகான் டத்தோ, அதன்பின் மலாக்கா நீரிணை. கழிமுகத்தில் பெத்திங் பெராஸ் பாசா என்னும் மணல்திட்டு உண்டு. புதிய சுல்தான் பொறுப்பேற்கும்போது அங்குச் சென்று சடங்கு செய்வது மரபு.

ஊலு பேரா, பேரா தெங்ஙா, ஈலிர் பேரா என்னும் மாவட்டப் பெயர்களைப் பாருங்கள். மேற்பேரா, நடுப்பேரா, கீழ்ப்பேரா என்பது பொருள். மாநிலத்தை ஆறுதான் பங்கிட்டு வைத்திருக்கிறது. நம் முன்னோர் தலைமடை, கடைமடை என்று வழங்கியதைப் போன்றதே இது.

ஆடிப்பெருக்கும் ஐப்பசி வெள்ளமும்

தெரிந்த ஆறு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வதால் என்ன கெடும் என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

ஆடிப்பெருக்கு பற்றி நம் பிள்ளைகள் படிக்கின்றனர். ஆடி மாதத்தில் ஆறு பெருகும் என்று மனனம் செய்கின்றனர். காவிரிக்கு அது முற்றிலும் உண்மை. தென்மேற்குப் பருவமழை குடகு மலையில் கொட்டுவதால் ஆடியில் காவிரி பெருகுகிறது. ஆனால், தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ள நமக்கு ஆடி மாதம் மழை குறைந்த காலங்களுள் ஒன்று. இங்கே ஆண்டின் பெருமழை பொதுவாக அக்டோபர், நவம்பர் மாதங்களில், அதாவது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிப் பெய்கிறது. இம்மாநிலத்து முதியோர் நினைவில் வைத்திருந்த பெருவெள்ளங்களான 1926 டிசம்பர் வெள்ளமும் 1967 சனவரி வெள்ளமும் ஆடியில் வந்தவை அல்ல. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வந்தவை.

ஆக, ஏட்டில் படிக்கும் ஆறு பெருகும்போது வீட்டுக்கருகே உள்ள ஆறு மெலிந்திருக்கிறது. வீட்டுக்கருகே உள்ள ஆறு கரைமீறும்போது ஏடு அதைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினால் அங்கே அறிவியல் பிறக்கும்; ‘ஏன்’ என்னும் கேள்வி பிறக்கும். ஒப்பிடாமல் விட்டால் மனனம் மட்டும் மிஞ்சும். காவிரியை மறக்கச் சொல்லவில்லை. காவிரியை நன்றாக அறிவதற்கே பேரா ஆறு வேண்டும் என்கிறேன்.

நாம் ஏன் ஆற்றுக்கு அந்நியரானோம்?

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பேரா ஆற்றங்கரை நெடுகிலும் மலாய்க் கம்பங்கள் அமைந்தன. சுல்தான்களின் கல்லறைகளும் ஆற்றோரமாகவே ஆங்காங்கே உள்ளன. ஈயவயல்களையும் இருப்புப்பாதையையும் ஒட்டிச் சீனர் பெருகிய நகரங்கள் எழுந்தன. தமிழரோ பெரும்பாலும் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டம் தனியுலகம். அங்கே லயன் வீடு, பால் கொட்டகை, கோயில், கள்ளுக்கடை, பள்ளி எல்லாம் எல்லைக்குள் இருந்தன. பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துப் போட்டு வீடு திரும்பியவருக்கு ஆற்றங்கரைக்குப் போக நேரமேது?

ஆயினும் தோட்டத்திற்கும் நீருக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. பாலைக் கட்டியாக்கிக் கழுவி ஆலையில் உருட்டுவதற்கு மிகுதியான நீர் வேண்டும். ஆலைகள் ஓடையை அடுத்தே அமைந்தன. ஆலைக் கழிவும் அதே ஓடையில்தான் இறங்கியது. அந்த நாற்றம் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் மறவாது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978இல் இரப்பர் ஆலைகளுக்கும் வந்த விதிகளும் எழுந்ததற்கு இத்தகைய கழிவுகளே காரணம். எனவே, ஆற்றின் கதையில் நாமும் இருக்கிறோம். நம் பகுதியை நாம் எழுதவில்லை, அவ்வளவே.

இப்போது தோட்டங்களும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன. பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘லாடாங்’, அதாவது தோட்டம் என்னும் சொல் இருக்கும்; சுற்றிலும் தோட்டம் இராது. தோட்டத்திற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ஒன்று, நம்மவர் வழங்கிய பெயர் இன்னொன்று. முன்னது அரசு ஆவணத்தில் இருக்கும். பின்னது நம் பாட்டிமார் நாவில் மட்டும் இருந்தது. அவர்களோடு அதுவும் போகிறது. எந்த ஓடையை ஒட்டி எந்தத் தோட்டம் இருந்தது என்று சொல்லக்கூடியவர் இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் எத்தனை பேர் எஞ்சியிருப்பர்?

“வந்தேறிகள்” என்னும் சொல் நம்மை நோக்கி அவ்வப்போது வீசப்படுகிறது. அதற்கு மேடையில் உரக்க மறுமொழி சொல்கிறோம். வகுப்பறையில் என்ன மறுமொழி வைத்திருக்கிறோம்? மண்ணின் பெயர்களைத் தன் மொழியில் சொல்லவும், அதன் மழையையும் வெள்ளத்தையும் விளக்கவும், அங்கே தன் முன்னோர் செய்த உழைப்பை இடம் சுட்டிக் காட்டவும் தெரிந்த பிள்ளையே அச்சொல்லுக்குச் சரியான மறுமொழி என்பது என் உறுதியான எண்ணம்.

கங்கா நகரமும் புருவாஸ் ஆறும்

எங்கள் ஊருக்கு வடக்கே புருவாஸ் உள்ளது. கங்கா நகரம் என்னும் பழைய அரசைப் பற்றியும் இராசேந்திர சோழனின் கடல்கடந்த படையெடுப்பைப் பற்றியும் பேசும்போது புருவாசின் பெயரை நம்மவர் பெருமையுடன் எடுத்துக் கூறுவர். மலாய் நூலான செஜாரா மெலாயு, இராசா சூரான் என்னும் மன்னன் கங்கா நகரத்தை வென்றதாகக் கதை சொல்கிறது. அந்நகரம் புருவாசில்தான் இருந்தது என்பதற்கு ஐயந்திரிபற்ற சான்று கிடைக்கவில்லை. ஆனால், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியரான தோமே பிரெஸ் எழுதிய நூலில் புருவாஸ் இடம்பெற்றுள்ளது; பழைய அச்சே வகைக் கல்லறைக் கற்களும் அங்கே கிடைத்துள்ளன. அது ஒரு காலத்தில் குறிப்பிடத்தக்க ஊராக இருந்தது என்பதில் ஐயமில்லை.

இன்று அங்கே போய்ப் பாருங்கள். சிறிய ஊர். கடல் தொலைவில் இருக்கிறது. அப்படியானால் கடல்வணிகர் அறிந்திருந்த ஊர் அங்கே எப்படி இருந்திருக்க முடியும்? ஆறு என்பதே விடை. கடலிலிருந்து உள்ளே வர ஆறு வழியாயிருந்தது. ஆறு தூர்ந்தால் ஊர் தளரும். ஈப்போ வளர்ந்ததற்கும் ஆறே தொடக்கம். கிந்தா ஆற்றில் படகுகள் ஏறிவரக்கூடிய கடைசி இடமாக அது இருந்தது. நாம் மன்னன் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு ஆற்றை விட்டுவிட்டோம். மன்னனைக் கொண்டுவந்ததும் ஆறுதானே?

என்ன செய்யலாம்?

தொடக்கப்பள்ளியில் புவியியலுக்கெனத் தனிப்பாடம் இல்லை. வகுப்பில் நேரமில்லை என்று ஆசிரிய நண்பர்கள் சொல்லக்கூடும். நேரமின்மை உண்மை. ஆனால், யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. தேர்வில் வராது என்னும் பழைய தடை இப்போது இல்லை. புதிய பாடமும் வேண்டா. இருக்கின்ற பாடத்திற்குள்ளேயே பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. ‘நான் ஓர் ஆறு’ கட்டுரையை ‘நான் பேரா ஆறு’ என மாற்றுவோம். குறைந்தது ஐந்து ஊர்களின் பெயரும் ஓர் ஆண்டும் இடம்பெற வேண்டும் என்று விதிப்போம். மனனக் கட்டுரை தானாகவே மறையும்.

2. கோலா, தெலுக், தஞ்சோங், பாசீர், பாரிட், பாகான் ஆகிய சொற்களுக்குத் தமிழ்ப்பொருள் கண்டு பட்டியலிடச் செய்வோம். கூடல், வளைவு, முனை, மணல், கால்வாய், இறங்குதுறை என்று சொல்வளம் பெருகும். மலாய்மொழியும் நன்கு விளங்கும்.

3. தாத்தா, பாட்டியிடம் மூன்று வினாக்கள் கேட்டுவரச் செய்வோம். எந்தத் தோட்டம்? அதை நம்மவர் எப்படி அழைத்தனர்? அருகில் இருந்த ஆறோ ஓடையோ எது? விடைகளை ஓர் ஏட்டில் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வைப்போம்.

4. போத்தா பாலத்திற்கு ஒருமுறை அழைத்துச் செல்வோம். கேளிக்கைப் பூங்காவுக்குப் போகும் செலவில் சிறு பகுதி போதும்.

இவற்றுக்கு அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை. ஆசிரியரின் மனம் போதும்.

‘ஆயர் தாவார்’ என்றால் உப்புக் கரிக்காத நீர், நன்னீர் என்பது பொருள். கடலோதம் ஏறியிறங்கும் கழிகளுக்கு அருகில் நல்ல தண்ணீர் கிடைத்த இடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. எங்கள் ஊரில் பெய்யும் மழை பேரா ஆற்றுக்குப் போவதில்லை. மஞ்சோங் ஆற்றின் பக்கமாகச் சென்று லுமுட் அருகே கடலை அடைகிறது. ஆனால், இம்மாவட்டத்து வீடுகளின் குழாய்களில் வருவது பேரா ஆற்றிலிருந்து எடுத்துத் தூய்மைப்படுத்திய நீர். பெலும் காட்டில் பெய்து, நான்கு அணைகளைக் கடந்து, அரசநகரைத் தொட்டு, போத்தாவைத் தாண்டி வந்த நீரையே நம் பிள்ளைகள் காலையில் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வருகின்றனர்.

குடிக்கின்ற நீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தன் தாய்மொழியில் சொல்லத் தெரியாத பிள்ளையை நாம் உருவாக்கலாகாது. காவிரி நம் இலக்கியத்தில் ஓடட்டும். பேரா ஆறும் நம் தமிழில் ஓட வேண்டும். அதற்குக் கரை அமைப்பது தமிழாசிரியர் கடன்.

அன்புடன்,
ஆயர் தாவாரிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்